ரஸ்ட்டுக்கும் பைத்தானுக்கும் நடுவில் ஒரு பெயர்: மெமரியை யார் விடுவிப்பது?

பைத்தான் மொழியில் எழுதிய நிரல், ரஸ்ட் மொழியில் எழுதிய லைப்ரரியை (தயாராக உள்ள ஃபங்ஷன்களின் தொகுப்பை) கூப்பிடுகிறது; நடுவில் பெயர் போன்ற ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) போய் வருகிறது; அதற்கு மெமரி ஒதுக்குவதும் விடுவிப்பதும் யார் என்பதுதான் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். ஸ்ட்ரிங், லைப்ரரிக்கு உள்ளே போகும்போது பாயிண்டரையும் (மெமரியில் அது இருக்கும் முகவரி) பைட் நீளத்தையும் மட்டும் கொடுங்கள். அந்த அழைப்பு முடியும்வரைதான் அது செல்லுபடியாகும். வெளியே வரும்போது, விடையின் நீளம் முன்கூட்டியே தெரியும் என்றால் அழைப்பவரே இடம் கொடுக்கட்டும்; தெரியாது என்றால் லைப்ரரி ஒதுக்கட்டும், விடுவிக்கும் ஃபங்ஷனையும் அதுவே கொடுக்கட்டும். அந்தப் பக்கம் பைத்தான் மட்டும்தான், வேறு மொழி வரவே வராது என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், பைஓ3 (ரஸ்ட்டையும் பைத்தானையும் இணைக்கும் கருவி) போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இனி காரணங்கள்.

யாங்கோனில் கோயிலுக்கும் கடைக்கும் ரசீது அடிக்கிற மென்பொருள் செய்பவர்கள் அநேகமாக ஒரே அமைப்பில் வந்து நிற்பார்கள். திரையும் பட்டனும் பைத்தானில் இருக்கும், ஏனென்றால் அதில்தான் சீக்கிரம் முடியும். ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம்) மாற்றுவது, பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது, ஒரே ஆள் தமிழ்ப் பெயரில் ஒருமுறையும் பர்மியப் பெயரில் ஒருமுறையும் நன்கொடை கொடுத்திருந்தால் கண்டுபிடிப்பது போன்ற கனமான வேலைகள் சி-யிலோ ரஸ்ட்டிலோ எழுதிய லைப்ரரியில் இருக்கும். நம்மவர்களுக்கு வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் இருப்பது சாதாரணம் என்பதால் இந்தக் கடைசி வேலை விளையாட்டல்ல. ஆக ஒவ்வொரு ரசீதுக்கும் பெயர் என்கிற ஸ்ட்ரிங் எல்லை தாண்டிப் போய் எல்லை தாண்டித் திரும்பி வருகிறது.

எண்ணை அனுப்புவதில் பிரச்சினை கிடையாது, 42 என்றால் இரண்டு பக்கமும் 42. ஸ்ட்ரிங் அப்படியில்லை. சி-க்கு ஸ்ட்ரிங் என்றால் ஒரு முகவரி மட்டும்தான், சுழி பைட் (மதிப்பு 0 ஆன பைட்) வரும்வரை படித்துக்கொண்டே போக வேண்டும். ரஸ்ட்டின் ஸ்ட்ரிங்கில் முகவரி, நீளம், கொள்ளளவு மூன்றும் உண்டு, உள்ளே இருப்பது எப்போதும் சரியான யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்களாக எழுதும் முறை), ஆனால் கடைசியில் சுழி கிடையாது. பைத்தானோ 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் பார்த்து, அதிலுள்ள மிகப் பெரிய குறியெண்ணுக்கு (யூனிகோட் கொடுத்த எண்) எத்தனை பைட் வேண்டுமோ அதன்படி எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் என்று வைத்துக்கொள்கிறது. தமிழ் வந்தால் 2.

‘ரங்கூன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் நான்கு எழுத்து. யூனிகோட் எண்ணினால் ஏழு: ர, ங, புள்ளி, க, ஊகாரக் குறி, ன, புள்ளி. பைத்தானுக்குள் 14 பைட், யூடிஎஃப்-8 ஆக்கினால் 21 பைட், சி-க்கு அனுப்பினால் கடைசிச் சுழியோடு 22. ‘நீளம்’ என்று ஒருவர் சொன்னால் இதில் எதைச் சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும். லைப்ரரியின் ஃபங்ஷனில் நீளம் என்று ஒரு அளவுரு இருந்தால் அது பைட்தான், சுழி சேராது என்று எழுதி வைத்துவிடுங்கள், பாதிச் சண்டை அதோடு தீரும்.

உள்ளே போகும் ஸ்ட்ரிங்

இது சுலபமான பாதி, சீக்கிரம் முடித்துவிடலாம். பைத்தான் பெயரை யூடிஎஃப்-8 பைட்களாக்கி, முகவரியும் நீளமும் கொடுக்கிறது. ரஸ்ட் அதைக் கடனாக வாங்கிப் படிக்கிறது, ஒரு பைட்கூட நகல் எடுக்க வேண்டியதில்லை. அழைப்பு முடிந்ததும் பைத்தான் தன் பைட்களைத் தானே குப்பைக்கு அனுப்பிக்கொள்ளும். லைப்ரரி செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: அந்த முகவரியை எங்காவது சேமித்து வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் பார்ப்பது. பிறகு வேண்டும் என்றால் உள்ளே வந்த உடனே சொந்த நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரஸ்ட் பக்கத்தில் இரண்டு சின்ன விஷயம். வந்த பைட்கள் யூடிஎஃப்-8 தானா என்று சோதிக்கும் வேலையைத் தாண்டிவிட ஒரு ‘அன்செக்ட்’ வழி இருக்கிறது, வேகமாக இருக்கும் என்று அதைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து வருவது எதுவும் நம்பத்தக்கதல்ல. இன்னொன்று, காலி ஸ்ட்ரிங். நீளம் 0 என்று சொல்லி முகவரியாக ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று முகவரி) அனுப்புவது சி ஆட்களுக்கு இயல்பு, ஆனால் ரஸ்ட்டின் ஸ்லைஸுக்கு (முகவரியும் நீளமும் சேர்ந்த சோடி) நீளம் 0 ஆனாலும் முகவரி ‘நல்’ ஆக இருக்கக்கூடாது. முதல் வரியிலேயே அதைப் பார்த்துத் தனியாகக் கையாண்டுவிடுங்கள்.

சுழியோடு முடியும் சி ஸ்ட்ரிங்காக அனுப்பலாமே என்றால், அனுப்பலாம், பழைய லைப்ரரிகள் பலவற்றுக்கு அதுதான் வழி. ஆனால் நீளத்தை ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும், நடுவில் ஒரு சுழி பைட் வந்துவிட்டால் அதற்குப் பிறகு உள்ளது காணாமல் போகும். புதிதாக எழுதும்போது அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

வெளியே வருவதில்தான் எல்லாமே

இதற்கு ஸோஜி கதை தெரிய வேண்டும். மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1. அதற்கு முன் ஊர் முழுக்க ஓடியது ஸோஜி. அது யூனிகோடின் அதே மியான்மர் குறியெண்களை எடுத்துக்கொண்டு, வேறு வரிசையில், வேறு பொருளில் பயன்படுத்தியது. ஷான், மொன், கரேன் மொழிகளுக்கு யூனிகோட் ஒதுக்கிய இடங்களில்கூடத் தன் அடுக்கெழுத்துகளைப் போட்டு வைத்திருந்தது. பழைய கணினிகளில் உள்ள பதிவேடுகளில் இன்னும் அதுதான் கிடக்கிறது. தமிழில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைத் திறந்தவர்களுக்கு இந்த வலி புரியும், ஆனால் ஸோஜி இன்னும் மோசம், ஏனென்றால் பைட்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ், ஒரு வரி ஸோஜியா யூனிகோடா என்பதை நிகழ்தகவு வைத்துத்தான் சொல்கிறது.

நமக்கு இதில் வேண்டியது ஒரு விஷயம்: மாற்றினால் நீளம் மாறும். ‘மிங்கலாபா’ என்ற வணக்கச் சொல்லில் மேலே சின்னதாக ஏறி உட்காருகிற கின்சி என்ற குறி இருக்கிறதே, அது ஸோஜியில் ஒரு குறியெண், யூனிகோடில் மூன்று. சொல் முழுவதையும் பார்த்தால் ஸோஜியில் 7 குறியெண், 21 பைட். யூனிகோடில் 9 குறியெண், 27 பைட். கின்சியும் இகரமும் சேர்ந்த ஒரு ஸோஜிக் குறியெண் யூனிகோடில் நான்காக விரியும். ஆக விடை எவ்வளவு பெரிதாக வரும் என்பது மாற்றி முடித்த பிறகுதான் தெரியும். கீழே வரும் வழிகளை நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

அழைப்பவர் இடம் கொடுப்பது

டீக்கடைக்கு நாமே தூக்கு எடுத்துக்கொண்டு போவது மாதிரி. பாத்திரம் நம்முடையது, கழுவுவதும் நாமே, கடைக்காரருக்குத் திருப்பித் தர ஒன்றுமில்லை. பைத்தான் ஒரு பஃபரை (எழுதுவதற்கான காலி இடத்தை) உண்டாக்கி, முகவரியும் கொள்ளளவும் கொடுக்கிறது. ரஸ்ட் அதில் எழுதிவிட்டு எத்தனை பைட் எழுதினேன் என்று திருப்பிச் சொல்கிறது. எல்லை தாண்டி எந்த ஒதுக்கீடும் இல்லை, எனவே லீக்குக்கு (விடுவிக்காமல் தேங்கும் மெமரிக்கு) வாய்ப்பும் இல்லை, மெமரியை ஒதுக்கிக் கொடுக்கும் ‘ஒதுக்கி’ இரண்டு பக்கமும் வேறுவேறாக இருந்தாலும் கவலையில்லை. எந்த மொழியிலிருந்தும் அழைக்கலாம்.

ரசீது எண், தேதி, தொகையை எழுத்தால் எழுதுவது போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 64 பைட்டோ 256 பைட்டோ ஒரு உச்ச அளவு வைத்துவிடலாம்.

பெயருக்கு வந்தால்தான் தகராறு. தூக்கு சின்னதாகிவிட்டால்? ஒழுங்கான லைப்ரரி ‘போதாது, இத்தனை வேண்டும்’ என்று தேவையான அளவைத் திருப்பிச் சொல்லும். சி99-இன் எஸ்என்பிரிண்டெஃப்பும் விண்டோஸின் சூழல் மாறி படிக்கும் ஃபங்ஷனும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. அழைப்பவர் பெரிதாக ஒதுக்கி மறுபடி கூப்பிட வேண்டும், அதாவது மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கும், இல்லையென்றால் லைப்ரரி முதல் விடையை எங்காவது பத்திரப்படுத்தி வைக்க வேண்டும், அப்போது அதை எப்போது விடுவிப்பது என்ற கேள்வி பின்வாசல் வழியாக வந்து நிற்கும். உள்ளீட்டைப் போல நான்கு மடங்கு கொடுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஸோஜிக்கு அது ஓடும், ஒரு வரி இரண்டு வரிக்கு நானும் அதைத்தான் செய்வேன். பக்கம் பக்கமாக மாற்றும்போது அது வீண்.

இதைவிட ஆபத்தானது, ஒழுங்கில்லாத லைப்ரரி சத்தமில்லாமல் வெட்டிவிட்டு ‘ஓகே’ என்று சொல்வது. ‘ரங்கூன்’ 21 பைட், பஃபர் 20 பைட். ஆறு குறியெண்கள் முழுசாகப் போகும், கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் தொங்கும். பைத்தான் அதை டீகோட் செய்யப் போனால் பிழை கொடுத்து நின்றுவிடும், அது நல்லது. பிழையைப் பொறுக்காமல் யாராவது ‘இக்னோர்’ போட்டு வைத்திருந்தால்? தொங்கும் பைட்கள் உதிர்ந்து ‘ரங்கூன’ என்று வரும். ‘முருகன்’ ‘முருகன’ ஆகிவிடும். ஆங்கிலப் பெயர் பாதியில் வெட்டப்பட்டால் பார்த்ததும் தெரியும், தமிழில் புள்ளி போனால் அச்சிட்ட ரசீது கையில் வந்த பிறகுதான் யாராவது சொல்வார்கள்.

லைப்ரரி ஒதுக்குவது, லைப்ரரியே விடுவிப்பது

நீளம் தெரியாத விடைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ரஸ்ட் மாற்றி முடித்து, தன் ஹீப்பில் (தேவைக்கேற்ப ஒதுக்கும் மெமரிப் பகுதி) உள்ள ஸ்ட்ரிங்கின் முகவரியைக் கொடுக்கிறது. பைத்தான் அதை நகல் எடுத்துக்கொண்டு, ‘பெயர்_விடு’ என்பது மாதிரி ஒரு ஃபங்ஷனுக்கு அதே முகவரியைத் திருப்பிக் கொடுக்கிறது. வேலை ஒரே தடவை, வெட்டுப்படும் பயம் இல்லை. இணையத்தில் தரவு அனுப்பி வாங்கும் லிப்கர்ல் தான் கொடுக்கும் ஸ்ட்ரிங்குக்குத் தனியாக ஒரு விடுவிப்பு ஃபங்ஷன் வைத்திருக்கிறது, தரவுத்தள லைப்ரரியான எஸ்க்யூலைட்டும் அப்படித்தான். பெரிய லைப்ரரிகள் பல வருடம் அடிபட்டு வந்து சேர்ந்த இடம் இது.

“அண்ணே, பைத்தான்ல கார்பேஜ் கலெக்டர் இருக்கே, அதுவே பார்த்துக்காதா?” என்று உடன் வேலை செய்யும் தம்பி கேட்டான். பயன்படாத மெமரியைத் தானாக விடுவிக்கும் அந்தப் பகுதி இதைப் பார்த்துக்கொள்ளாது. பைத்தான் தான் உண்டாக்கிய பொருள்களைத்தான் எண்ணி வைத்திருக்கிறது; ரஸ்ட் கொடுத்த முகவரி அதன் கண்ணுக்கு வெறும் எண்.

சி-யின் ‘ஃப்ரீ’யை வைத்து நேராக விடுவித்தால் என்ன? லினக்ஸில் இன்று ரஸ்ட் இயல்பாக சிஸ்டத்தின் மாலாக்கைத்தான் (சி-யில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) கூப்பிடுகிறது, அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதுதான் வினை. நாளைக்கு யாராவது வேகத்துக்காக வேறு ஒதுக்கியை மாட்டினால் அன்றைக்கு விழும். விண்டோஸில் இன்னும் சீக்கிரம் விழும்: ஒவ்வொரு டிஎல்எல்லும் (விண்டோஸ் லைப்ரரிக் கோப்பு) வேறு சி ரன்டைமோடு (சி-யின் அடிப்படை லைப்ரரி) கட்டப்பட்டிருக்கலாம், ஒன்றின் ஹீப்பில் வாங்கியதை இன்னொன்றில் விட்டால் ஹீப் கெட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் க்ராஷ் ஆகும். கடைகளில் ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ்தான் என்பதால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். ரஸ்ட்டின் ஆவணமும் தெளிவாகவே சொல்கிறது: சிஸ்ட்ரிங்கை (சுழியோடு முடியும் ரஸ்ட் ஸ்ட்ரிங் வகை) ‘இன்ட்டு ரா’ போட்டு வெளியே விட்டால் ‘ஃப்ரம் ரா’ போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். அதுவும் திரும்ப வாங்கும்போது நீளத்தைச் சுழி தேடித்தான் எண்ணும். நடுவில் யாராவது அந்த மெமரியில் ஒரு சுழியை எழுதியிருந்தால் கணக்கு தவறிவிடும், ஆகவே வெளியே போன ஸ்ட்ரிங்கில் பைத்தான் பக்கம் எதையும் எழுதக்கூடாது.

இப்போது சி லைப்ரரிகளைக் கூப்பிடப் பைத்தானில் உள்ள சிடைப்ஸ் என்ற கருவியின் பொறி, இதில் விழாதவர்கள் குறைவு. திரும்பி வரும் வகையை ‘சி-சார்-பி’ என்று அறிவித்தால் பார்க்க அழகாக இருக்கும், பைட்கள் தானாகவே கையில் வந்துவிடும். ஆனால் சிடைப்ஸ் நகல் எடுத்து பைட்ஸ் பொருளாகக் கொடுத்துவிட்டு அசல் முகவரியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. விடுவிக்க உங்களிடம் எதுவும் இல்லை, ஒவ்வொரு அழைப்பும் ஒரு லீக். சரி என்று ‘சி-வாய்ட்-பி’ ஆக மாற்றினால் முகவரி பைத்தான் எண்ணாக வரும், நல்லது. அதை விடுவிப்பு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது அளவுரு வகையை அறிவிக்க மறந்தால் சிடைப்ஸ் அதைச் சாதாரண சி ‘இன்ட்’ ஆக, 32 பிட்டில் அனுப்பும். 64 பிட் முகவரியின் மேல்பாதி போய்விடும். சின்ன முகவரி கிடைத்த கணினியில் ஓடும், அடுத்த கணினியில் விழும். திரும்பும் வகை, அளவுரு வகை இரண்டையும் எல்லா ஃபங்ஷனுக்கும் அறிவித்தே தீர வேண்டும், அப்புறம் நகல் எடுக்கும் வரியை ட்ரை-க்குள்ளும் விடுவிக்கும் வரியை ஃபைனலி-க்குள்ளும் வைத்து ஒரே ஒரு சின்ன பைத்தான் ஃபங்ஷனுக்குள் பூட்டிவிடுங்கள். மற்ற யாரும் முகவரியைப் பார்க்கவே கூடாது.

லீக் என்றதும் பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயருக்கு 200 பைட், ஒரு நாளில் 500 ரசீது என்று வைத்தால் ஒரு நாளில் 100 கிலோபைட். மாலையில் கணினியை அணைக்கிற கடையில் அது யார் கண்ணிலும் படாது (நம் ஊரில் கரண்ட் போய் எல்லா லீக்கும் தானாகவே சரியாகிவிடும் என்பது வேறு விஷயம்). அதே லீக்கோடு இரண்டு லட்சம் வரியுள்ள பழைய பதிவேட்டை, வரிக்கு 300 பைட் என்று, ஒரே மூச்சில் மாற்ற உட்கார்ந்தால் 60 மெகாபைட். இரவெல்லாம் ஓடும் சர்வரில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

லைப்ரரி தன் இடத்தையே காட்டுவது

சி-யின் ‘சிடைம்’, ‘எஸ்டிஆர்எரர்’ மாதிரி, லைப்ரரிக்குள் ஒரு நிரந்தர இடம், அதன் முகவரியைத் தருவது, அடுத்த அழைப்பில் அதன்மேலேயே எழுதுவது. விடுவிக்கவே வேண்டாம் என்பதால் எழுதும்போது இனிக்கும். இரண்டு பெயரை அடுத்தடுத்து வாங்கி ஒப்பிட்டால் இரண்டும் ஒரே பெயராக இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே இடம். த்ரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை) இரண்டானால் அதற்கும் மேலே. கடைசியாக நடந்த பிழையின் செய்தியைத் தருவதற்கு மட்டும் இதை ஏற்கலாம், அதுவும் த்ரெட்டுக்கு ஒரு இடம் என்று வைத்து. மற்றதற்கு வேண்டாம்.

கால்பேக்

இது அவ்வளவாகப் பேசப்படாத வழி, ஆனால் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். பைத்தான் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறது. ரஸ்ட் விடையைத் தயாரித்து, முகவரியும் நீளமுமாக அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. பைத்தான் அங்கேயே நகல் எடுத்துக்கொள்கிறது. திரும்பி வந்ததும் ரஸ்ட் தன்னுடையதைத் தானே விட்டுவிடுகிறது. விடுவிப்பு ஃபங்ஷன் என்ற ஒன்றே தேவையில்லை, மறக்கவும் முடியாது. பல விடைகள் வரும்போது, உதாரணமாக ஒரு பெயரைப் போல ஒலிக்கும் எல்லாப் பெயர்களையும் தரும்போது, ஒவ்வொன்றாகத் தள்ளிவிடலாம், பட்டியலுக்கு மெமரி கட்ட வேண்டியதில்லை.

கஷ்டம் என்னவென்றால் பிழைகள். கால்பேக்குக்குள் (அந்தக் கொடுத்த ஃபங்ஷனுக்குள்) பைத்தானில் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்தால் சிடைப்ஸ் அதைத் திரையில் எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடும், உங்கள் நிரலுக்குத் தெரியவே வராது. ரஸ்ட் பக்கம் பேனிக் (தொடர முடியாத பிழை) ஆனால் 1.81 பதிப்பிலிருந்து எல்லையிலேயே நிரல் மொத்தமாக நிறுத்தப்படும். இது முந்தைய வரையறையற்ற நிலைக்கு எவ்வளவோ மேல், ஆனால் கவுண்டரில் வரிசை நிற்கும்போது திரை மறைந்துபோவதை யாரும் பாராட்டமாட்டார்கள். லைப்ரரி பின்னர் கூப்பிட வேண்டிய கால்பேக் என்றால் அந்தப் பொருளைப் பைத்தானில் எங்காவது பிடித்து வைத்திருக்கவும் வேண்டும், இல்லையென்றால் அது குப்பைக்குப் போய் ரஸ்ட் ஏற்கெனவே விடுபட்ட முகவரியைக் கூப்பிடும்.

எஸ்க்யூலைட் இதையே உள்ளே போகும் ஸ்ட்ரிங்குக்குத் திருப்பிப் போட்டு அழகாகச் செய்திருக்கிறது. மதிப்பைக் கட்டும் ஃபங்ஷனின் கடைசி அளவுருவில் ‘இது நிலையானது, மாறாது’, ‘இப்போதே நகல் எடுத்துக்கொள்’, அல்லது ‘உன் வேலை முடிந்ததும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு விடுவி’ என்று மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். மெமரி யாருடையது என்ற கேள்விக்கு அழைக்கும் இடத்திலேயே பதில் கொடுக்க வைக்கிறது. நானாக ஒரு சி இடைமுகம் வடிவமைத்தால் முதலில் திருடுவது இதைத்தான்.

பைஓ3-யும் மற்ற கருவிகளும்

பைஓ3 மேலே சொன்ன எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. பைத்தான் ஸ்ட்ரிங் ரஸ்ட்டுக்குக் கடனாக வருகிறது, ரஸ்ட் ஸ்ட்ரிங் பைத்தான் பொருளாக நகலாகித் திரும்புகிறது, பழையது விடுபட்டுவிடுகிறது, ரஸ்ட்டின் பிழை பைத்தான் எக்செப்ஷனாக வருகிறது. முகவரி என்ற சொல்லே உங்கள் கோப்பில் இருக்காது. பைத்தானும் ரஸ்ட்டும் மட்டும் என்றால் இதை விட்டுவிட்டு சிடைப்ஸோடு மல்லுக்கட்டுவது பிடிவாதம்.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை: இது கட்டும் நேரத்தில் நிறையத் துணை லைப்ரரிகளை இறக்கும். இணைப்பு வரும் நேரத்தில் ரஸ்ட்டின் ‘கார்கோ வெண்டார்’ கட்டளையைப் போட்டு எல்லாவற்றையும் திட்டத்துக்குள்ளேயே நகல் எடுத்து வைத்துவிட்டால் அப்புறம் இணையம் இல்லாமலும் கட்டலாம். சிடைப்ஸுக்கு இது எதுவும் வேண்டாம், பைத்தானோடு கூடவே வருகிறது. மௌலமைனில் ஒரு கடைக்கு யூஎஸ்பி குச்சியில் கொண்டுபோய்ப் போடும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொரு மொழி வரும் என்றால் கணக்கு மாறும். அதே லைப்ரரியை ஆண்ட்ராய்டில் ஜாவாவிலிருந்தும் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் பைஓ3 உதவாது, கீழே ஒரு சி இடைமுகம் இருந்தாக வேண்டும், அல்லது மொசில்லாவின் யூனிஎஃப்எஃப்ஐ போல பல மொழிக்கு ஒட்டு எழுதிக் கொடுக்கும் கருவி வேண்டும். ஒவ்வொரு மொழியும் தன் குணத்தைக் காட்டும். கோ-வில் சி ஸ்ட்ரிங் உண்டாக்கினால் அது மாலாக் மெமரி, கையால் விடுவிக்க வேண்டும். சி ஷார்ப்பில் திரும்பும் வகையை வெறுமனே ஸ்ட்ரிங் என்று போட்டால் டாட்நெட் நகல் எடுத்துவிட்டு அந்த மெமரியைத் தன் வழியில் விடுவிக்கப் பார்க்கும், ரஸ்ட் ஒதுக்கியதை அப்படி விட்டால் ஹீப் கெடலாம். அங்கே முகவரியாகவே வாங்கி நீங்களே விடுவிக்க வேண்டும். வேறு மொழி லைப்ரரிகளைக் கூப்பிட ஜாவாவில் உள்ள ஜேஎன்ஐ கொடுப்பது சற்றே திருத்திய யூடிஎஃப்-8. தமிழுக்கும் பர்மியத்துக்கும் அது வித்தியாசமே காட்டாது, அதனால் சோதனையில் எல்லாம் பச்சை விளக்குதான். யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு இமோஜியைப் போட்டால் 4 பைட் வர வேண்டிய இடத்தில் 6 பைட் வரும், ரஸ்ட் அதை யூடிஎஃப்-8 இல்லை என்று தள்ளிவிடும். எங்கள் பக்கம் இமோஜி இல்லாமல் யாரும் செய்தி அனுப்புவதில்லை.

மெமரியைப் பகிராமலே இருப்பது

ரஸ்ட் பகுதியைத் தனி நிரலாக வைத்து, பைப்பில் (இரண்டு நிரல்களை இணைக்கும் வழி) வரி வரியாக ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) அனுப்பி வாங்குவது. கௌரவம் குறைச்சல் என்று பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் பழைய பதிவேட்டை ஒருமுறை மாற்றி முடிக்கிற வேலைக்கு நான் வேறு எதையும் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டு பக்கமும் தத்தம் மெமரி, ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும், விழுந்த வரியை எடுத்துத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். பெயருக்குள் வரிமாற்றம் இருந்தாலும் ஜேசன் அதை மறைத்துவிடும். விண்டோஸில் பைத்தான் பைப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பழைய பதிப்புகள் கணினியின் உள்ளூர்க் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும், தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகவோ பிழையாகவோ வரும்.

ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் பெயர்களைத் தேடிக் காட்டும் திரைக்கு மட்டும் இந்த வழி கொஞ்சம் இழுக்கும், அதுவும் ஒவ்வொரு தேடலுக்கும் நிரலைப் புதிதாகத் தொடங்கினால்தான். தொடங்கியதை ஓடவே விட்டு வைத்தால் பழைய கணினியிலும் தாங்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஹெட்டர் கோப்பில் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பு) ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே யார் ஒதுக்குகிறார், எந்த ஃபங்ஷனால் விடுவிக்க வேண்டும், முகவரி எதுவரை செல்லுபடியாகும் என்று தமிழிலோ பர்மியத்திலோ எழுதி வையுங்கள், அடுத்து வருபவருக்கு எது படிக்க வருமோ அதில். லீக் உண்டா என்று சந்தேகம் வந்தால் ஒரே பெயரைச் சுற்றில் போட்டு லட்சக்கணக்கில் மாற்ற விட்டு, நிரலின் மெமரி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் பயமில்லை. வால்கிரைண்ட் என்ற மெமரிச் சோதனைக் கருவியை வைத்துத் துல்லியமாகத் தேடுவதென்றால் அதற்கு முன் பைத்தானின் சொந்த ஒதுக்கியை அணைத்துவிட வேண்டும். 3.6 பதிப்பிலிருந்து பைத்தான்மாலாக் என்ற சூழல் மாறியில் ‘மாலாக்’ என்று போட்டால் போதும், அப்படிச் செய்யாவிட்டால் பைத்தானின் சத்தத்துக்கு நடுவில் உங்கள் லீக் எது என்று கண்டுபிடிக்க முடியாது.